வேர்க்குழாய் அடைப்பு கசிகிறதா: சாயமா, குமிழியா, கிருமியா?

மலேசியாவின் கெடாவில் உள்ள பீடோங் மாதிரித் தோட்டத்து ஊரில் பல் கிளினிக் நடத்துபவரிடம் ஆய்வுமுறை பற்றி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ரொட்டி சானாய்க்கும் இந்த ஊருக்குத்தான் வருகிறார்கள், பிடுங்கிய பல் கிடைக்குமா என்று கேட்கவும் இங்கேதான் வருகிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புக் கிடைத்திருக்கும், முறைதான் முடிவாகியிருக்காது. "டாக்டர், இந்த சீலர் நல்லா அடைக்குதான்னு பார்க்கணும். சாயம் போதுமா, பாக்டீரியா வைக்கணுமா?"

இந்தக் கட்டுரை அவர்களுக்கு. உபகரணம் குறைவு, மாதங்கள் குறைவு, காசு அதைவிடக் குறைவு என்ற நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பேச்சு.

## முதலில் கேள்வி, அப்புறம் கருவி

வேர் சிகிச்சையில் பல் வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சாவையும் சீலரையும் வைத்து அடைக்கிறோம். கட்டாபெர்ச்சா நம் மண்ணின் பொருள். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. கட்டாபெர்ச்சா மரமோ மலாயாக் காட்டில் தானாக நின்றது. 1843ல் சிங்கப்பூரிலிருந்த மாண்ட்கோமரி என்ற மருத்துவர் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பியபோதுதான் ஐரோப்பா அதைக் கவனித்தது. ரப்பரும் கட்டாபெர்ச்சாவும் ஒரே ஐசோப்ரீன் சங்கிலிதான், சங்கிலி மடங்கும் விதம் மட்டும் வேறு. அதனால் ஒன்று இழுபடுகிறது, மற்றது அறைச் சூட்டில் விறைத்து நிற்கிறது. விறைப்பாக நிற்கும், ஆனால் பல்லில் ஒட்டாது. இடைவெளியை நிரப்பத்தான் சீலர். கசிவு என்று பேசினால், சீலருக்கும் பல் சுவருக்கும் நடுவில், அல்லது சீலருக்கும் கட்டாபெர்ச்சாவுக்கும் நடுவில் உள்ள நூலிழைச் சந்துகளைத்தான் பேசுகிறோம்.

அந்தச் சந்தை நேரில் பார்ப்பது கஷ்டம். அதனால் ஏதாவது ஒரு தடயப் பொருளை உள்ளே அனுப்பி, அது எவ்வளவு போனது என்று பார்க்கிறோம். எல்லா முறைகளும் இதன் வகைகள்தான். அவற்றை எடைபோட நான் பார்ப்பவை இவை: முறை தருவது நீளமா, அளவா, வெறும் ஆம்-இல்லையா? தடயப் பொருள் நாம் பரிசோதிக்கும் சீலரோடு சண்டை போடுமா? அதே பல்லை ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க முடியுமா? கசிவு வேர்நுனியிலிருந்தா, மேலே கிரீடப் பக்கத்திலிருந்தா, எதைக் கேட்கிறோம்? அப்புறம் காலமும் காசும்.

இவற்றில் பிள்ளைகள் கடைசியாகப் பார்ப்பது இரண்டாவதை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். காரணம் போகப் போகத் தெரியும்.

## சாயத்தில் ஊற வைத்து வெட்டிப் பார்ப்பது

எல்லோருக்கும் தெரிந்த முறை. வேர்நுனியில் 2 மில்லிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு, மீதி வேர் முழுக்க இரண்டு பூச்சு நெயில் பாலிஷ் அடித்து, மெத்திலீன் புளூவிலோ இந்தியா இங்கிலோ ஊற வைத்து, பல்லை நெடுக்காகப் பிளந்து, நீலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிற நெயில் பாலிஷ் வாங்கினால் பற்கள் கலந்துபோகாது. சிவப்புக் குழு, பச்சைக் குழு, மினுமினுப்புக் குழு என்று மேசையில் பற்கள் வரிசையாகக் காய்வதைப் பார்க்க அழகாகவே இருக்கும்.

செலவு ரொம்பக் குறைவு. ஆனால் உள்ளே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி காற்று. சந்துக்குள் அடைபட்ட காற்று சாயத்தை நுழைய விடாது. கசியும் பல்கூட கசியாதது போல நடிக்கும். 1989ல் வந்த ஆய்வுகள் இதை எடுத்துக்காட்டின. அதற்குப் பிறகு வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்த பின் சாயம் ஊற்றுவது நல்ல வழக்கமானது. வேக்குவம் பம்ப் இல்லையென்றால் இந்த முறையைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, ஒரு வெட்டு ஒரு தளத்தைத்தான் காட்டும். அதிகம் கசிந்த இடம் அந்தத் தளத்தில் இல்லையென்றால் கதை முடிந்தது. இதைத் தவிர்க்கப் பல்லை வெட்டாமல் கண்ணாடி போல ஆக்கும் வழி உண்டு: 5% நைட்ரிக் அமிலத்தில் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, ஆல்கஹாலில் படிப்படியாக ஈரத்தை நீக்கி, மெத்தில் சாலிசிலேட்டில் போட்டால் பல் ஒளி ஊடுருவும்படி மாறி, உள்ளே சாயம் சுற்றிவரத் தெரியும். ஆய்வுக்கூடமே தலைவலித் தைலம் தடவியது போல மணக்கும், ஏனென்றால் தைலத்தில் இருக்கும் சரக்கும் அதுதான். ஆனால் இதற்கு மெத்திலீன் புளூ ஆகாது, அமிலத்திலேயே கழுவிப் போய்விடும். இந்தியா இங்க் தான் வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. மெத்திலீன் புளூ காரத்தன்மை உள்ள பொருளைத் தொட்டால் நிறம் வெளுத்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடு, எம்டிஏ (வேர் சிகிச்சையில் பயன்படும் ஒரு வகை சிமெண்ட்) இரண்டும் இதைச் செய்கின்றன. வூ, கொண்டாகியோட்டிஸ், வெசலிங்க் மூவரும் 1998லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். நீலம் உள்ளே போய் வெளுத்திருக்கும், நீங்கள் "கசிவே இல்லை" என்று எழுதியிருப்பீர்கள். இன்று பிள்ளைகள் பரிசோதிக்க ஆசைப்படும் பயோசெராமிக் சீலர்கள் எல்லாம் கால்சியம் சிலிக்கேட் இனம், எம்டிஏவின் சொந்தக்காரர்கள்.

எப்போது இது பொருந்தும்? ரெசின் சீலர் ஒன்றை இன்னொரு ரெசின் சீலரோடு, அல்லது ஒரே சீலரை இரண்டு அடைப்பு நுட்பங்களில் ஒப்பிடும்போது. ஆய்வு என்றால் என்ன என்று கை பழகவும் நல்லது. அதற்கு மேல் இதை நம்பி எதுவும் எழுதக்கூடாது.

## பல்லையே கரைத்துச் சாயத்தை அளப்பது

இது எனக்குப் பிடித்த முறை. ஏன் இன்னும் அதிகம் பேர் செய்வதில்லை என்பது புரியவே இல்லை.

சாயத்தில் ஊற வைப்பது வரை எல்லாம் மேலே சொன்னதுதான். அப்புறம் பல்லைக் கழுவி, பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, 65% நைட்ரிக் அமிலத்தில் மூன்று நாள் போட்டுவிடுவது. பல் கரைந்துவிடும். உள்ளே புகுந்த சாயம் முழுக்க அமிலத்துக்கு வந்துவிடும். கரைசலை மையவிலக்கியில் சுற்றி, தெளிந்த பகுதியை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை ஒளி வைத்து அளக்கும் கருவி) 550 நானோமீட்டரில் படித்தால், எவ்வளவு சாயம் உள்ளே போனது என்று ஓர் எண் கிடைக்கும். ஸ்கேலும் கிடையாது, எந்தத் தளத்தில் வெட்டினோம் என்ற கவலையும் கிடையாது.

காம்ப்ஸும் பாஷ்லியும் 2003ல் இதைப் பழைய சாய முறையோடும், அடுத்து நாம் பார்க்கப்போகும் நீர்-குமிழி முறையோடும் ஒப்பிட்டார்கள். கரைத்து அளந்த முடிவு நீர்-குமிழி முடிவோடு ஒத்துப்போனது. வெட்டி அளந்த முடிவு ஒத்துப்போகவில்லை. ஒரே பற்கள், ஒரே சாயம், படிக்கும் விதம் மட்டும் மாறியதில் இவ்வளவு வித்தியாசம்.

மறைமுகச் செலவு அமிலத்தில் இருக்கிறது. 65% நைட்ரிக் அமிலம் விளையாட்டுச் சாமான் இல்லை. புகையிழுக்கும் அலமாரி (ஃபியூம் ஹுட்) கட்டாயம், கையுறை, கண்ணாடி, கழிவை எடுத்துச் செல்ல ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஒப்பீட்டு வளைகோட்டை அதே அமிலத்தில் கரைத்த சாயத்தில்தான் போட வேண்டும், தண்ணீரில் போட்டால் எண் தப்பு. பல் போனது போனதுதான், மறுபடி அளக்க வழியில்லை. மெத்திலீன் புளூவின் வெளுக்கும் குணமும் கூடவே வருகிறது.

## நீரும் காற்றுக் குமிழியும்

அடைத்த பல்லின் ஒரு பக்கத்தை ரப்பர் குழாயோடு இணைத்து, அழுத்தத்தில் நீரைத் தள்ளுவது. வழியில் ஒரு கண்ணாடி நுண்குழாய், அதற்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி. பல் வழியாக நீர் கசிந்தால் குமிழி நகரும். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிமிடம் என்று குறித்தால், நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோலிட்டர் என்ற எண் வரும். பாஷ்லியின் குழு 1980களில் பல் அடைப்புகளுக்குப் பயன்படுத்தியதை வேர்க்குழாய்க்குக் கொண்டுவந்தது 1993ல் வூவும் அவர் கூட்டாளிகளும்.

பெரிய வசதி: பல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் அளக்கலாம், மூன்று மாதம் கழித்து அதே பல்லை அளக்கலாம். தடயப் பொருள் வெறும் நீர், எந்த சீலரோடும் சாயம் போலச் சண்டை போடாது. பயோசெராமிக் சீலரைப் பரிசோதிக்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பொருள்களும் மலிவு, நுண்குழாய், ஊசிச் சிரிஞ்சி, மூவழி வால்வு, நீர் நிரப்பிய குடுவையை உயரத்தில் தொங்கவிட ஒரு கம்பி. கை வேலை தெரிந்த பையன் ஒருவன் கூட இருந்தால் போதும்.

இங்கே தலைவலி சூடு. குமிழிக்கும் பல்லுக்கும் நடுவில் 5 மில்லிலிட்டர் நீர் இருக்கிறது என்று வையுங்கள். 30 டிகிரிக்குப் பக்கத்தில் நீர் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் மூன்று பங்கு விரியும். அப்படியானால் அறைச் சூடு ஒரு டிகிரி ஏறினாலே 1.5 மைக்ரோலிட்டர் நகர்வு வரும். நீங்கள் அளக்கும் கசிவே நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் கீழே இருக்கலாம். மாலையில் ஏர்கோன் அணைக்கப்படும் கட்டடத்தில், மத்தியானம் அளந்த குழுவும் ஆறு மணிக்கு அளந்த குழுவும் வெவ்வேறாகத் தெரியும். சீலருக்கு அதில் பங்கே இல்லை. குழாயை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள், பல்லை நீர்த்தொட்டியில் மூழ்க வையுங்கள், குழுக்களை மாற்றி மாற்றி அளங்கள்.

இன்னொன்று: இரு முனையும் திறந்த வழியை மட்டும்தான் இந்த முறை பார்க்கும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் முடிந்துபோகும் குருட்டுச் சந்து இருந்தால் குமிழி அசையாது. அழுத்தமும் ஆளாளுக்கு வேறு, 10 சென்டிமீட்டர் நீர் உயரத்திலிருந்து நூறைத் தாண்டியும் வைக்கிறார்கள். அதனால் உங்கள் எண்ணை இன்னொருவர் கட்டுரையில் உள்ள எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. உங்கள் குழுக்களுக்குள்ளேதான் ஒப்பீடு.

## கிருமி

எல்லோருக்கும் மனசுக்குப் பிடித்த முறை இது, ஏனென்றால் வாய்க்குள் நடப்பது போலவே இருக்கிறது. மேல் அறையில் கிருமி வளர்ந்த திரவம், நடுவில் அடைத்த பல், கீழ் அறையில் தெளிந்த ஊட்டத் திரவம். கீழே கலங்கினால் கிருமி வந்து சேர்ந்துவிட்டது.

மேல் அடைப்பு இல்லாமல் வேர் அடைப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. டோராபினெஜாட் குழு 1990ல் காட்டியது இன்றும் பேசப்படுகிறது: ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கிருமிக்குத் திறந்து வைத்த பற்களில் பாதிக்கு மேல் 19 நாளில் முழு நீளமும் கடந்துவிட்டது, புரோட்டியஸ் வல்காரிசுக்கு 42 நாள். 1993ல் காயத், லீ, டோராபினெஜாட் மூவரும் மனித உமிழ்நீரை வைத்தபோது எல்லாப் பற்களும் 30 நாளுக்குள் கசிந்தன. சிகிச்சை முடித்துத் தற்காலிக அடைப்போடு போய், அடுத்த அப்பாயின்ட்மென்டை மூன்று மாதம் தள்ளிப்போடும் நோயாளியிடம் நான் சொல்வது இந்த எண்களைத்தான். "வலி போச்சே டாக்டர்" என்பார்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும், அன்றைய கூலி போகும், அதுவும் நியாயமான காரணம்தான்.

ஆனால் ஆய்வாக எடுத்தால் இதன் செலவு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. கலங்கியதா இல்லையா என்பது ஆம்-இல்லை விடை. ஒரே ஒரு கிருமி கடந்தாலும் திரவம் கலங்கும், லட்சம் கடந்தாலும் கலங்கும். அதனால் குழுவுக்கு அதிகப் பற்கள் வேண்டும். பல்லுக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் நடுவிலுள்ள பசை இணைப்பு வழியாகவே கிருமி இறங்கலாம் என்று ரெக்கன்பெர்க், டி டியுஸ், செண்டர் மூவரும் 2011ல் எச்சரித்தார்கள். அப்படியானால் நீங்கள் அளந்தது சீலரை இல்லை, உங்கள் பசையை. சில சீலர்கள் கிருமியைக் கொல்லும், அது அடைப்பின் திறமை போலத் தெரியும். வாரக்கணக்கில் இன்குபேட்டர் ஓட வேண்டும். கெடாவின் மாலை இடிமழையில் ஒரு இரவு கரன்ட் போனால், அந்த இரவை என்ன செய்வது என்று ஆய்வறிக்கையில் எழுத இடமிருக்காது. இதற்கெல்லாம் மேலே நுண்ணுயிரியல் பிரிவில் உங்களுக்காக நேரம் ஒதுக்க ஒரு ஆள் வேண்டும்.

## குளுக்கோஸ், மைக்ரோ சிடி, மற்றவை

குளுக்கோஸ் முறை 2005ல் ஷூவும் கூட்டாளிகளும் கொண்டுவந்தது. மேலே குளுக்கோஸ் கரைசல், கீழே கசிந்து வந்த குளுக்கோஸை நொதி வைத்து அளப்பது. மூலக்கூறு சின்னது, அளவீடு நுணுக்கமானது, பல்லும் கெடாது. ஆனால் கால்சியம் ஹைட்ராக்சைடும் எம்டிஏவும் குளுக்கோஸைத் தின்றுவிடுகின்றன என்று 2008ல் ஷெமேஷ் குழு காட்டியது. கிருமி குளுக்கோஸைத் தின்னாமல் இருக்கச் சோடியம் அசைடு கலக்க வேண்டும். அது விஷம், தொட்டியில் ஊற்றவும் கூடாது.

மைக்ரோ சிடி, அதாவது பல்லை வெட்டாமலே எக்ஸ்ரேயால் உள்ளே பார்க்கும் ஸ்கேன், எடுக்கும் படம் கண்ணைப் பறிக்கும். வெற்றிடம் எத்தனை சதவீதம் என்று முப்பரிமாணத்தில் சொல்லும். ஆனால் வெற்றிடம் வேறு, கசிவு வேறு. தகரக் கூரையைப் போட்டோ எடுத்து ஓட்டைகளை எண்ணலாம். மழையில் எது ஒழுகும் என்று போட்டோ சொல்லாது. இயந்திரத்தின் நுண்மைக்குக் கீழே உள்ள சந்து தெரியவே தெரியாது. பெரிய ஆய்வுக்கூடத்தில் நேரம் வாடகைக்கு எடுத்துப் பற்களைக் காரில் கொண்டுபோகத் தயார் என்றால், நீர்-குமிழியில் அளந்த அதே பற்களைப் படமும் எடுங்கள். தனியாக வேண்டாம்.

மின்வேதியியல் முறை 1976லிருந்து இருக்கிறது, இப்போது பெரிதாக யாரும் தொடுவதில்லை. கதிரியக்கத் தடயத்துக்கு உரிமம் வேண்டும், மறந்துவிடுங்கள்.

## எந்த சீலருக்கு எந்தத் தடயம்

| சீலர் | மெத்திலீன் புளூ | நீர்-குமிழி | கிருமி | குளுக்கோஸ் |
|---|---|---|---|---|
| ரெசின் | சரி | சரி | முழுக்க இறுகிய பிறகு | முன்சோதனையோடு |
| துத்தநாக ஆக்சைடு யூஜினால் | முன்சோதனையோடு | சரி | யூஜினால் கிருமியைத் தடுக்கும் | முன்சோதனையோடு |
| கால்சியம் ஹைட்ராக்சைடு | வேண்டாம் | சரி | காரம் கிருமியைத் தடுக்கும் | வேண்டாம் |
| கால்சியம் சிலிக்கேட் | வேண்டாம் | சரி | காரம் கிருமியைத் தடுக்கும் | வேண்டாம் |

முன்சோதனை என்பது லேசான வேலை. சீலரை வட்டத் தகடாக இறுகவிட்டு, தடயக் கரைசலில் போட்டு, உங்கள் பரிசோதனை எத்தனை நாளோ அத்தனை நாள் வையுங்கள். பிறகு கரைசலின் அளவைப் படியுங்கள். குறைந்திருந்தால் அந்த ஜோடி ஆகாது. ஒரு வாரச் செலவில் ஆறு மாத வேலை தப்பிக்கும்.

## பல் எங்கிருந்து

எந்த முறையானாலும் இது பொதுச் செலவு. கிளிப் போடுவதற்காகப் பிடுங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முன்கடைவாய்ப் பல்லில் குழாய் அகலம், பல்லின் நுண்குழல்கள் திறந்திருக்கும். ஈறு தளர்ந்து பிடுங்கும் எழுபது வயதுப் பாட்டியின் பல், வெற்றிலைக் கறையோடு, குழாய் நூலாக ஒடுங்கி, நுண்குழல்கள் சுண்ணாம்பேறி மூடியிருக்கும். இரண்டையும் ஒரு டப்பாவில் கொட்டிக் குழு பிரித்தால், சாயம் வயதை அளக்கும், சீலரை அளக்காது. எங்கள் கிளினிக்கில் வயதுவாரியாகத் தனி டப்பா, 0.5% குளோரமின் கரைசல்.

பல் தரும் நோயாளியின் சம்மதமும், நெறிக்குழுவின் அனுமதியும் வேண்டும். அடைக்காத பற்கள் சில, முழுக்கப் பாலிஷ் பூசி மூடிய பற்கள் சில என்று கட்டுப்பாட்டுக் குழுக்களையும் கணக்கில் வையுங்கள். முதல் வகை கசியவில்லையென்றாலோ, இரண்டாவது வகை கசிந்தாலோ மற்ற எண்களைக் குப்பையில் போடலாம்.

## கசிவையே விட்டுவிடும் வழி

ஜர்னல் ஆஃப் எண்டோடோன்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு 2007ல் ஒரு தலையங்கம் எழுதியது. சீலர்களை ஒப்பிடும் கசிவு ஆய்வுகளின் மருத்துவப் பயன் சந்தேகத்துக்குரியது, இனி அவற்றைப் பிரசுரிப்பதில்லை என்பது அதன் சாரம். காரணம் இல்லாமல் இல்லை. ஆலிவரும் அபட்டும் 2001ல், நோயாளிகளின் வாயிலேயே அடைக்கப்பட்டுப் பிறகு பிடுங்கிய பற்களைச் சாயத்தில் வைத்தபோது, சிகிச்சை வெற்றியான பல்லும் தோல்வியான பல்லும் ஏறக்குறைய எல்லாமே கசிந்தன. மறுபக்கம், ரே, ட்ரோப் இருவரும் 1995ல் 1010 பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்தபோது, வேர் அடைப்பும் மேல் அடைப்பும் இரண்டும் நன்றாக இருந்தவற்றில் 91.4 சதவீதம் வேர்நுனியில் நோயில்லாமல் இருந்தன. எந்த சீலர் என்பதைவிட மேலே யார் எப்படி மூடினார் என்பது கனமாகத் தெரிகிறது.

அதனால், சீலரின் தரத்தைப் பற்றித்தான் கேள்வி என்றால் சீலர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6876-ன் பரிசோதனைகளை எடுங்கள். பரவும் தன்மை 17 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, படலத் தடிமன் 50 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடாது, கரைதல் 3 சதவீதத்துக்குள், எக்ஸ்ரேயில் 3 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமாகவாவது தெரிய வேண்டும். கண்ணாடித் தகடு, எடைக்கல், நுண்தராசு, இதுதான் பெரும்பாலான உபகரணம். பல்லே வேண்டாம், நெறிக்குழுப் படிவமும் சின்னதாகும். அந்தத் தரத்தில் கசிவுப் பரிசோதனை என்று ஒன்று இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

## யாருக்கு எது

பயோசெராமிக் சீலரை ரெசின் சீலரோடு ஒப்பிட வேண்டும், ஆறு மாதம் இருக்கிறது என்றால் நீர்-குமிழி. சூடு மாறாத ஓர் அறை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓ பக்கம் போங்கள்.

ரெசின் சீலர் ஒன்றே, அடைக்கும் நுட்பம் இரண்டு, காலம் இரண்டு மாதம் என்றால் கரைத்து அளப்பது. புகையிழுக்கும் அலமாரி இல்லாத இடத்தில் இதைப் பேசவே வேண்டாம்.

தற்காலிக அடைப்புப் பொருள்களில் எது அதிக நாள் தாங்கும் என்பது கேள்வியானால் கிருமி முறை, அதுவும் நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர் எழுத்தில் சம்மதித்த பிறகு. என்னைக் கேட்டால் மூன்றில் இந்த ஊருக்கு அதிகம் உதவும் கேள்வி இதுதான், பஸ் பிடித்து வரவேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் பிடிவாதமாக "சாயத்தில் வைத்து வெட்டு" என்றால், வெட்டுங்கள். வேக்குவம் பம்பை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள், வெட்டி அளந்த அதே துண்டுகளை அமிலத்தில் போட்டு அந்த எண்ணையும் எடுங்கள். வாய்மொழித் தேர்வில் இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்பார்கள். 2003 ஆய்வைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.